ஜீப்பைத் தின்பது மழையல்ல, தங்கும் தண்ணீர்

தேவிகுளம் தாலுகாவுக்குள்ளேயே இரண்டு வானிலை இருக்கிறது. மூணாறிலும் தேவிகுளத்திலும் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் முடிய மழை ஓயாது. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுவது அங்கே வழக்கம். மூணாறிலிருந்து வடக்கே 40 கிலோமீட்டர் இறங்கினால் மறையூர், அதையும் தாண்டினால் சின்னாறு. மலைமறைவில் கிடக்கும் சின்னாறு காட்டில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 500 மில்லிமீட்டர்தான். ஒரே ஆலையில் ஒரே ஆண்டில் செய்த இரண்டு ஜீப்புகளில் ஒன்றை மறையூரிலும் மற்றதை மூணாறிலும் ஓட்டினால் என்ன ஆகும்? டிங்கரிங் பட்டறையில் கேட்டால் உடனே பதில் வரும். மறையூர் வண்டியில் பெயிண்ட் வெளிறியிருக்கும், ரப்பர் வெடித்திருக்கும், தகடு நன்றாக இருக்கும். மூணாறு வண்டியில் பெயிண்ட் பளபளக்கும். கால்மேட்டைத் தூக்கினால் ரோடு தெரியும்.

இந்த மலையில் ஜீப் ஆடம்பரம் இல்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கல்பாதையில் சாதாரணக் கார் போகாது. பெட்டிமுடியிலிருந்து இடமலைக்குடி முதுவர் குடிகளுக்குப் போகிற காட்டுப்பாதையும் அப்படித்தான். போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்கு வருகிற பெண்களைச் சுமப்பதும் ஜீப்தான். இவற்றில் பல, மகிந்திராவின் பழைய வண்டிகள்: எம்.எம். 540, கமாண்டர், மேஜர். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள். 1940களின் இறுதியில் மும்பையில் உதிரிகளாக வந்து பூட்டப்பட்ட அந்த வண்டியின் எலும்புக்கூடு அமைப்பு, பல பத்தாண்டுகள் கழித்து வந்த வண்டிகளிலும் பெரிதாக மாறவில்லை.

அந்த அமைப்புதான் நமக்குச் சாதகம். இன்றைய கார்களில் பாடியே பாரம் தாங்கும். தரைத்தகடு போனால் வண்டியின் பலமே போகும். ஜீப்பில் அப்படி இல்லை. ஏணிபோல் நீண்ட இரண்டு சேஸ் உத்திரங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும்தான் எஞ்சினையும் அச்சுகளையும் ஆட்களையும் தாங்குகின்றன. பாடி அதன்மேல் ரப்பர் வைத்து போல்ட்டில் முறுக்கிய தொட்டி, அவ்வளவே. ஆகவே பாடியில் விழும் ஓட்டை தொந்தரவு, சேஸில் விழும் ஓட்டை ஆபத்து. கையில் காசு குறைவாக இருக்கிறவர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டிய வேறுபாடு இது. ஆனால் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். கண்ணுக்குத் தெரிகிற பக்கத்துத் தகட்டில் பட்டி பூசிப் பெயிண்ட் அடிப்பதிலேயே பணம் தீர்ந்துவிடுகிறது. அடியில் சேஸ் அப்படியே கிடக்கிறது.

எஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கி வேலை பார்த்து ஏற்றலாம். கியர்பாக்ஸுக்கும் உதிரி கிடைக்கும். பழைய ஜீப்பைக் கடைசியில் காயலான் கடைக்கு அனுப்புவது துருதான். ஆகவே துரு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது, வண்டியை வைத்துப் பிழைக்கிறவருக்குக் காசு மிச்சப்படுத்தும் அறிவு.

இரும்பு துருப்பிடிப்பதை ஆக்சிஜனோடு சேரும் வினை என்று பள்ளியில் படித்திருப்போம். அது பாதிதான். உண்மையில் துருப்பிடிக்கும் தகடு ஒரு பேட்டரி. தகட்டின் ஓர் இடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனிகளாகத் தண்ணீரில் கரைகின்றன. விடுபட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் வேறோர் இடத்தில் ஆக்சிஜனையும் தண்ணீரையும் ஹைட்ராக்சைடாக மாற்றுகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்புத் துரு படிகிறது. எலக்ட்ரானுக்கு வழி இரும்பு, அயனிக்கு வழி தண்ணீர். தண்ணீர் இல்லையென்றால் சுற்று முழுமையாகாது. அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்திருந்தால் மின்சாரம் எளிதாக ஓடும், துருவும் வேகமாகும்.

கேம்பிரிட்ஜில் பணியாற்றிய உலிக் எவன்ஸ் என்ற அறிஞர் 1920களில் இதை ஒரு துளியில் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் வைத்துவிட்டுக் கவனியுங்கள். துளியின் விளிம்பு மெல்லியது, காற்றிலிருந்து ஆக்சிஜன் உடனே இறங்கும். நடுப்பகுதி தடிமன், அங்கே ஆக்சிஜன் போய்ச் சேரத் தாமதமாகும். காற்று அதிகம் படும் விளிம்புதான் துருப்பிடிக்கும் என்று நினைப்போம். நடப்பது வேறு. விளிம்பு பளிச்சென்று இருக்கும், நடுவில் இரும்பு கரையும், இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையம் படியும். துரு கிடக்கிற இடம் ஒன்று, இரும்பு கரைகிற இடம் இன்னொன்று.

ஜீப்பின் மொத்த நோயும் இந்த ஒரு துளிக்குள் இருக்கிறது. கால்மேட்டுக்கு அடியில், ஒட்டிய சேற்றுக்கு அடியில், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடுக்கில், பட்டியின் விளிம்புக்கு உள்ளே காற்று குறைவு. அதனாலேயே அங்கே இரும்பு கரைகிறது. மழையில் நனைந்து வெயிலில் காயும் பானெட்டின் மேற்புறம் அவ்வளவு கெடுவதில்லை. ஓடிப்போகும் தண்ணீர் இரும்பை அதிகம் தொடுவதில்லை. தங்கிப்போன தண்ணீர்தான் தின்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற பன்னாட்டுத் தரம், காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல், வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரத்தை இரும்பு நனைந்திருக்கும் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மழை பெய்ய வேண்டும் என்பதே இல்லை, காற்று ஈரமாக இருந்தாலே போதும். மூணாறின் ஜூலை மூடுபனியில் காற்று அந்த எல்லைக்குக் கீழே இறங்குவதே அரிது. மழை முடிந்த பிறகும் ஓய்வில்லை. டிசம்பர், ஜனவரியின் தெளிந்த இரவுகளில் திறந்த வெளியில் நிற்கும் வண்டியின் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் அதன்மேல் பனித்துளி வழியும். சில நாட்களில் உறைபனியே படியும்.

அதே தரம், காற்றின் அரிப்புத் தன்மையை வகைகளாகப் பிரித்து, ஓர் ஆண்டில் எஃகு எவ்வளவு தேயும் என்றும் சொல்கிறது. நடுத்தர வகையில் முதல் ஆண்டுத் தேய்மானம் 25 முதல் 50 மைக்ரான். கடலோரம், ஆலைப்புகை உள்ள ஊர்களில் இன்னும் கூடும். காரைக்குடியில் அழகப்ப செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், செக்ரி என்று நாம் அழைப்பது, இந்தியாவின் ஊர்கள் பலவற்றில் உலோகத் தகடுகளைத் திறந்த வெளியில் வைத்து அளந்து, நாட்டுக்கே ஓர் அரிமான வரைபடம் தயாரித்தது. மண்டபம் கடற்கரையிலும் அதற்கு ஆய்வு நிலையம் இருக்கிறது. கடல் உப்புக் காற்று எஃகை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அருகிலுள்ள பழைய பாம்பன் பாலமே சாட்சி.

மூணாறில் கடலும் இல்லை, பெரிய ஆலைகளும் இல்லை. 50 மைக்ரான் என்றே வைத்துக்கொள்வோம். தரைக்குப் போடும் 18 கேஜ் தகடு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் தேய்ந்தால் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர், முழுத்தகடும் தீர 12 ஆண்டு. 3 மில்லிமீட்டர் சேஸுக்கு 30 ஆண்டு. உண்மையில் முதல் ஆண்டுக்குப் பிறகு தேய்மானம் குறையும் என்பதால் இன்னும் நீடிக்க வேண்டும். ஆனால் தோட்ட வேலை பார்க்கும் வண்டிகளில் அதற்கு வெகு முன்பே சில இடங்களில் ஓட்டை விழுகிறது, பக்கத்திலேயே ஒரு சாண் தள்ளித் தகடு புதிதுபோல் இருக்கிறது. காற்றுதான் காரணமென்றால் எங்கும் ஒரேபோல் தேய்ந்திருக்க வேண்டும். காரணம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது என்று இந்தக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

தோட்டத்து ஜீப் என்னென்ன சுமக்கிறது என்று பாருங்கள். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. வாளியில் கடல் உப்பு கொண்டுபோவதற்கும் இதற்கும் இரும்பைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய உரம் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளோரைடு துருவின் துளைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மோனியம் சல்பேட் கரைந்தால் அமிலத்தன்மை தரும். ஏலத்தில் அழுகல் நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் இருப்பது துருசு, அதாவது காப்பர் சல்பேட். கலவையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்கத் தோட்டக்காரர்கள் தீட்டிய கத்தியை அதில் முக்குவார்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். அந்தச் செந்நிறம் செம்பு. செம்பு படிய வேண்டுமானால் அதற்கு ஈடாக இரும்பு கரைந்தாக வேண்டும். கத்தியில் சில விநாடியில் நடப்பது, துருசுக் கரைசல் சிந்திய ஜீப் தரையிலும் நடக்கும். படிந்த செம்பு பிறகு சும்மா இருப்பதில்லை. சுற்றியுள்ள இரும்போடு சேர்ந்து புதிய பேட்டரியாகி அரிப்பைத் தொடரும்.

எனவே மிக மலிவான துரு வைத்தியம் தண்ணீர்தான் என்பேன். உரமோ மருந்தோ ஏற்றிய அன்றே தரையையும் அடியையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டு, மேட்டை எடுத்துக் காயப்போட வேண்டும். தரையிலும் சேஸிலும் தண்ணீர் வடிய ஓட்டைகள் வைத்திருப்பார்கள். சேறும் தேயிலைச் சருகும் அடைத்து அவை மூடிப்போயிருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி எடுத்தால் போதும். நிறுத்தும் இடத்துக்குக் கூரை வேண்டும், சுவர் வேண்டியதில்லை. வானத்தை மறைத்தாலே பனி விழுவது வெகுவாகக் குறையும். காற்றோட்டம் மிச்ச ஈரத்தைக் காயவைக்கும். ஈர வண்டியைத் தார்ப்பாயில் இறுகச் சுற்றிக் கட்டுவது ஆவியை உள்ளேயே பூட்டி வைக்கும் காரியம்.

இனி, ஏற்கெனவே துருப்பிடித்த வண்டிக்கு வருவோம். முதலில் வண்டியைக் கழுவி, மேட், சீட், தரைக்கு மேல் அடித்த அலுமினியச் செக்கர்டு தகடு எல்லாவற்றையும் அகற்றிவிட வேண்டும். பார்க்க அழகாக இருக்கும் அந்தச் செக்கர்டு தகடு, அசல் தரையோடு ஓர் இடுக்கை உண்டாக்கித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அடியில் நடப்பதையும் மறைக்கிறது. பிறகு ஒரு சிறு சுத்தியலும் முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரும் போதும். சேஸ் முழுவதும் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். கெட்ட இரும்பு சத்தென்று அமுங்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்த வேண்டும். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடம் பின் சக்கரத்துக்கு மேலே, ஸ்பிரிங் பட்டை பூட்டும் ஷாக்கிள் பிராக்கெட் சேஸோடு சேரும் மூலை. சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் போய் அடைகிறது, பாரமும் அங்கேதான் இறங்குகிறது. அங்கே துரு பரோட்டாவைப்போல் அடுக்கடுக்காக உரியும். அதைப் பார்த்துப் பயந்துவிடவும் வேண்டாம், அசட்டையாக இருக்கவும் வேண்டாம். துருவின் பருமன், அது தின்ற இரும்பின் பருமனைப்போல் பல மடங்கு. கை நிறைய உதிர்ந்தாலும் போன இரும்பு கொஞ்சமாக இருக்கலாம். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, மிச்சத் தடிமனை நல்ல இடத்தோடு ஒப்பிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை பாடி உட்காரும் போல்ட் இடங்கள், பின்புறக் குறுக்குச் சட்டம், கண்ணாடிச் சட்டத்தின் கீழ்விளிம்பு, பேட்டரித் தட்டு. பேட்டரித் தட்டைத் தின்பது மழை இல்லை, சிந்திய கந்தக அமிலம். சமையல் சோடாக் கரைசலை ஊற்றி, நுரை அடங்கும்வரை கழுவிய பிறகுதான் அங்கே வேறு வேலை தொடங்க வேண்டும்.

மேலாகப் பிடித்து, தேய்த்தால் போகிற துருவுக்கு வயர் பிரஷும் உப்புத்தாளும் உழைப்பும் போதும். இந்த வேலையைச் சொந்தக் கையால் செய்தால் பட்டறைக் கூலியில் பெரும்பகுதி மிச்சமாகும். துரு வேலையில் பொருளைவிட நேரத்துக்குத்தான் செலவு அதிகம். குழிகளுக்குள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கிற மெல்லிய துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசலாம். அதில் பொதுவாக இருப்பவை பாஸ்பாரிக் அமிலமும் டானிக் அமிலமும். பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லி இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்பதில் அதன் இரும்பிலுள்ள அதிக பாஸ்பரஸுக்குப் பங்கு உண்டு என்று ஐ.ஐ.டி. கான்பூரில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் விளக்கியிருக்கிறார். பாஸ்பரஸ் உதவியால் அதன்மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி நிலைத்திருக்கிறது. டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீல இரும்பு டானேட்டாக மாறும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய காலத்து வேதியியல் இதுவே. தேயிலைச் சாறும் இரும்புபட்டால் கறுக்கும் என்பதால் தேயிலைத் தண்ணீரை ஊற்றினால் போதுமே என்று மூணாறில் யாருக்கும் தோன்றலாம். அதில் அந்தச் செறிவும் இல்லை, போதிய அமிலத்தன்மையும் இல்லை. நிறம் மாறும், காப்பு வராது. கடையில் விற்கும் கன்வெர்ட்டரும் மெல்லிய, உறுதியான துருவுக்கு மட்டுமே. உரியும் துருவின்மேல் பூசினால் மேல்தோல் கறுத்து அழகாகும், அடியில் பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

கீல், கொக்கி, டூல்பாக்ஸ் மூடி போன்ற சிறு பாகங்களுக்கு இன்னும் மலிவான வழி மின்னாற்பகுப்பு. பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் சில கரண்டி சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவிலும் ஒரு பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு கறுத்துத் தளர்ந்து, பிரஷ் பட்டாலே உதிரும். நல்ல இரும்பு கரையாது என்பதுதான் இதன் சிறப்பு. பாசிட்டிவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியைத் தொங்கவிடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் மூடிய அறையில் செய்யக் கூடாது, பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. பட்டைகளையும் உறுதியாக்கிய போல்ட்டுகளையும் அமிலத்திலோ இந்த வாளியிலோ போட வேண்டாம். கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். வளைவில் ஏறும்போது உடையும்.

ஓட்டை விழுந்த தகட்டுக்கு ஒரே மருந்து வெட்டுவது. ஓட்டையின் விளிம்போடு நிறுத்தாமல், பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். அந்த வடிவத்துக்கே புதுத்தகடு வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்றவைப்பது சிறந்தது. பழைய ஓட்டையின்மேல் பெரிய ஒட்டுத் தகட்டைப் போர்த்திப் பற்றவைத்தால் கூலி குறையும், ஆனால் புதிய இடுக்கு பிறக்கும். வேறு வழியில்லாமல் அப்படிச் செய்தால் இடுக்கின் இரு பக்கத்தையும் சீலண்ட் வைத்து அடைத்துவிட வேண்டும். மெல்லிய தகட்டில் சாதாரண ஆர்க் வெல்டிங் எளிதில் துளை போட்டுவிடும், மிக் வெல்டிங் உகந்தது. ஒரே இழுப்பாகப் போகாமல், தள்ளித் தள்ளிப் பொட்டு வைத்து, ஆறவிட்டு நிரப்பினால் தகடு நெளியாது. ஜி.ஐ. தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் வெண்புகை துத்தநாக ஆக்சைடு. அதை முகர்ந்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பற்றவைக்கும் விளிம்பில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் செய்யட்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், அருகில் வேலை நடந்தால் டீசல் தொட்டியை இறக்குவதும் நேரத்தை வீணாக்குவதல்ல.

பட்டி என்பது மேடுபள்ளம் நிரப்பும் பூச்சு. அதற்குப் பலமும் இல்லை, தண்ணீரையும் அது உறிஞ்சும். ஓட்டைக்குள் துணியோ சல்லடையோ திணித்துப் பட்டி பூசி விற்கப்படும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாங்கப் போகிறவர் ஒரு காந்தத்தைக் கையில் கொண்டுபோகட்டும். இரும்பு இல்லாத இடத்தில் அது ஒட்டாது.

சேஸுக்கு வேறு இலக்கணம். உத்திரத்தில் ஒரே ஓர் இடம் மெலிந்து, சுற்றிலும் நல்ல இரும்பு இருந்தால், அதே தடிமனுள்ள தகட்டை நல்ல இரும்புவரை நீட்டிப் பற்றவைக்கலாம். அந்தத் தகட்டின் முனைகளை நேராக வெட்டாமல் சாய்வாக, வைர வடிவில் வெட்ட வேண்டும். உத்திரத்துக்குக் குறுக்கே செங்குத்தாகப் பற்றவைத்தால் வளையும் விசை முழுவதும் அந்த ஒரே கோட்டில் குவிந்து, பிறகு அங்கேயே விரிசல் விடும். இந்த வேலையைக் கேட் செய்கிற கையிடம் கொடுக்கக் கூடாது. லாரி சேஸ் செய்து பழகியவரிடமே கொடுக்க வேண்டும். சேஸ் எண் பொறித்த இடத்தைத் தேய்ப்பதோ மூடுவதோ சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். சொந்த வண்டிக்குப் பதிவுச் சான்று 15 ஆண்டுகள். பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பார்கள். அந்தச் சோதனைக்கு முந்தைய நாள் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுபோகும் பழக்கம், சோதிப்பவரை ஏமாற்றுவதைவிட ஓட்டுகிறவரைத்தான் ஏமாற்றுகிறது.

பெயிண்டுக்கு வருவோம். கடையில் முதலில் கையில் கொடுப்பது ரெட் ஆக்சைடு பிரைமர். விலை குறைவு, ஆனால் அது மட்டும் தண்ணீரைத் தடுக்காது. மேல் பெயிண்ட் இல்லாமல் ஒரு மழைக்காலம் விட்டால் அடியில் துரு மீண்டும் தொடங்கும். காசு கொஞ்சம் கூட இருந்தால் அதை இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பிரைமருக்குச் செலவிடுங்கள். இரும்போடு இறுகப் பிடித்து, ஈரத்தை வெகுவாகத் தடுக்கும். சேஸுக்குத் துத்தநாகம் நிறைந்த பிரைமர் இன்னும் நல்லது. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும் என்பதால், கீறல் விழுந்தாலும் முதலில் அது கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது சுத்தமான இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் வேலை செய்யும்.

எந்தப் பெயிண்டானாலும் தகட்டின் வெப்பம், காற்றின் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல்தான் பெயிண்ட் உட்காரும். தேவிகுளத்தில் இதற்கேற்ற காலம் ஜனவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை, அதுவும் வெயில் ஏறி வண்டி சூடான பிறகு. மழைக்காலத்தில் அவசரப்பட்டு அடிக்கும் பெயிண்ட் அடுத்த மழைக்குள் கொப்பளிக்கும். முடியுமானால் வண்டியைப் போடிக்கு இறக்கி அங்கே அடிப்பது புத்திசாலித்தனம்; மலைமறைவு ஊரின் காய்ந்த காற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிரஷ் எட்டாத சேஸ் உட்புறத்துக்கும் பெட்டிபோல் மூடிய பகுதிகளுக்கும் மெழுகுதான் சிறந்த காப்பு. இதற்கென்றே விற்கும் கேவிட்டி வாக்ஸை நீளக்குழாய் வைத்து உள்ளே பீய்ச்சலாம். அது கட்டியாக இறுகாமல் மெல்ல ஊர்ந்து இடுக்குகளுக்குள் புகும். தார்போன்ற தடித்த அண்டர்கோட்டிங்கைப் பழைய வண்டியில் துருவின்மேல் அடிப்பதை நான் எதிர்க்கிறேன். அது ஓரிடத்தில் தூக்கிக்கொண்டால் பின்னால் தண்ணீர் புகுந்து, எவன்ஸின் துளியைப் போலவே, மறைவில் தின்னத் தொடங்கும்.

மலைப்பட்டறைகளில் பழைய எஞ்சின் ஆயிலை வண்டி அடியில் அடிக்கும் வழக்கம் இருக்கிறது. இரும்பைச் சில மாதம் காக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கறுப்பு ஆயிலில் எரிபொருளின் அமிலக் கழிவும் உலோகத் தூளும் கலந்திருக்கின்றன. பட்டை, ஷாக்கிள் ரப்பர் புஷ்களை அது ஊதவைத்துக் கெடுக்கும். அதைவிடப் பெரிய கேடு, முதல் மழையிலேயே அது ரோட்டில் வழிந்து ஓடையில் சேர்வது. மூணாறின் ஓடைகள் முதிரப்புழையில் கலக்கின்றன, அந்தத் தண்ணீரைக் கீழே குடிக்கிறார்கள். ஒரு சேஸைக் காக்க ஓர் ஆற்றைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இதற்குச் சிக்கனம் ஒரு சாக்காக முடியாது.

செலவை எந்த வரிசையில் செய்வது என்று கேட்டால் என் பதில் இதுதான். முதல் காசு கழுவலுக்கும் வடிகாலுக்கும், அடுத்து சேஸுக்கு, பிறகு பாடி உட்காரும் இடங்களுக்கு, பிறகு தரைக்கு, மிச்சமிருந்தால் வெளித்தகட்டுக்கு. பக்கத்தகட்டில் ஓட்டையோடு பத்து வருடம் ஓடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது.

சேஸில் மட்டும் சமரசம் கூடாது. சுத்தியல் பட்ட இடமெல்லாம் அமுங்குகிறது, ஷாக்கிள் மூலை இரண்டு பக்கமும் போய்விட்டது, ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒட்டு வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சேஸை எந்த வெல்டரும் காப்பாற்ற முடியாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் விடியுமுன் பெண்கள் நம்பி உட்கார்ந்து வரும் வண்டி அது. எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக ஓடுகின்றன என்பதற்காக அப்படிப்பட்ட வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள். நல்ல உதிரிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை எடைக்குப் போடுங்கள். மற்றவர்கள் ஜூன் மழைக்கு முன் ஒருநாள் ஒதுக்கி, வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் சேஸைத் தட்டிப் பாருங்கள்.